பதினான்கு வயதில் ஓர் ஊசி

நேயர்களே, நீரிழிவு என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் யார்? தலை நரைத்தவர், பென்சன் எடுத்தவர், கலியாண வீட்டில் “எனக்குச் சீனி போடாமல் ஒரு தேத்தண்ணி” என்று கேட்டு வாங்குபவர். யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பர். மலையகத்தில் நாம் சீனி வியாதி என்போம். எப்பெயரால் அழைத்தாலும் அது முதுமையின் நோய் என்பதே நமது எண்ணம். ஆனால் சுஸ்ருதர் காலத்திலேயே இந்நோயை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தகாத உணவால் வருவது ஒன்று. பிறப்போடு ஒட்டி வருவது மற்றொன்று. பின்னதற்கு ஆளானவர் மெலிந்துபோவார் என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர்.

அந்த மெலிந்த உடல்களின் வரலாற்றையே இன்று நோக்கப்போகின்றோம்.

1922 க்கு முன்னர், இந்நோய் கண்ட பிள்ளைக்கு வைத்தியர் கொடுக்கக்கூடியது பட்டினி ஒன்றுதான். அமெரிக்காவில் பிரெடரிக் அலன் என்ற மருத்துவர் அதனை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்திருந்தார். நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு கலோரி உணவு. பிள்ளை எலும்பும் தோலுமாகும். ஆனால் சாவு சில மாதங்கள் தள்ளிப்போகும். பசியால் சாவதா, நோயால் சாவதா என்பதே அன்று பெற்றோர் முன்னிருந்த கேள்வி. இதைவிடக் கொடிய தெரிவு ஒரு தாய்க்கு உண்டோ?

கனடாவின் டொரன்டோ நகர ஆஸ்பத்திரியில், இலவச நோயாளர் படுத்திருந்த வாட்டில், லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் கிடந்தான். நிறை ஏறத்தாழ 65 இறாத்தல். 1922 ஜனவரி 11 ஆம் திகதி, பன்டிங்கும் பெஸ்டும் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு அவனுக்கு ஊசியாக ஏற்றப்பட்டது. சாறு தூய்மையாக இருக்கவில்லை. ஊசி போட்ட இடம் கட்டியாகி வீங்கியது; பயன் சொற்பம். கொலிப் என்ற இரசாயனவியலாளர் இரவு பகலாக அதனைச் சுத்திகரித்தார். ஜனவரி 23 ஆம் திகதி மீண்டும் ஊசி. இம்முறை குருதியில் ஏறி நின்ற சீனி ஒரு நாளைக்குள் கீழே இறங்கிற்று. அவன் எழுந்து உட்கார்ந்தான். பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1935 இல் நியுமோனியாக் காய்ச்சலால் இறந்தான்.

அந்த மருந்துக்கு இன்சுலின் என்று பெயர். ‘தீவு’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கணையத்தில் தீவுத் திட்டுகளாக இருக்கும் உயிரணுக்களே அதனைச் சுரக்கின்றன. தீவிலே வாழும் நமக்கு அப்பெயர் அந்நியமானதல்லவே! அதன் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் தலைக்கு ஒரு டொலர் மட்டும் பெற்றுக்கொண்டு டொரன்டோப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். நோபல் பரிசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஒரு டொலர்தான்.

எனினும் இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை. உயிரைக் காத்தது, அவ்வளவே. எஞ்சிய நாள்தோறும் ஊசி வேண்டும். அக்காலத்துப் பிள்ளைகள் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் அவித்து, மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டித் தமக்குத் தாமே குத்திக்கொண்டனர். சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் நீலம் பச்சையாகும். சீனி கூடக்கூட மஞ்சளாகி, செங்கல் நிறமாகும். விளையாட்டுப் பருவத்திலே ஒரு பிள்ளை தனக்குத் தானே வைத்தியராக வேண்டியிருந்தது.

இன்று கருவிகள் இலகுவாகிவிட்டன. கடமை குறைந்ததா? நமது லயக் காம்பராவுக்குள் வந்து பார்ப்போம். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்கிறது. இரவில் பலமுறை எழும்புகிறது. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது. கண்ணூறு என்று கயிறு கட்டி நாட்களைக் கடத்தினால் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம், அதன் பின் மரணம். இனிப்புத் தின்று வந்த வியாதி அல்ல இது. உடம்பின் காவற்படையே கணையத்து உயிரணுக்களை அழித்துவிடுவதால் வருவது. நாட்டு வைத்தியத்தை இகழ்பவன் அல்லன் நான். ஆனால் இந்தப் பிள்ளையின் இன்சுலினை நிறுத்திவிட்டுக் கசாயம் கொடுப்பது உயிருக்கே உலை வைப்பதாகும்.

நோர்வூட்டின் குளிர் இன்சுலினுக்கு நட்பானது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் ஈரமணல் இட்ட மண்சட்டி ஓரளவு கைகொடுக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். 2017 மே 12 இல், இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி டிக்கோயாவில் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன்னர் நம்மவர்க்குத் தோட்டத்து டிஸ்பென்சரிதானே கதி! ஆனால் கோதுமை மா ரொட்டியை எத்தனை தின்றால் எவ்வளவு மருந்து என்ற கணக்கைக் கொழுந்து பறிக்கப் போன தாய் கூடவிருந்து பார்க்க முடியாது. ஊசி போட்ட பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடாவிடின் வியர்த்து, நடுங்கி, தடுமாறும். சீனி வியாதிக்காரப் பிள்ளைக்கு அப்போது உடனே கொடுக்க வேண்டியது சீனியே! இதனை அறியாத வகுப்பறையில், பாட நடுவே வாயில் இனிப்புப் போட்டதற்கு அது ஏச்சும் வாங்கும்.

ஆகவே பிள்ளை மறைக்கிறது. பெண்பிள்ளை என்றால் பெற்றோரும் சேர்ந்து மறைக்கிறார்கள். நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற அச்சம். படிப்பும் பணமும் உள்ள இடத்தில் இந்த அச்சம் இராது என்று எண்ணிவிட வேண்டாம்.

எலிசபெத் ஹியூஸ் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளரின் மகள். பதினொரு வயதில் நோய் கண்டு, மூன்றாண்டுகள் அலனின் பட்டினியைத் தாங்கி, 1922 ஆகஸ்டில் 45 இறாத்தலோடு பன்டிங்கிடம் வந்தாள். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சில வாரங்களில் பாணும் உருளைக்கிழங்கும் உண்ணத் தொடங்கினாள். படித்தார், மணந்தார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார். 1981 இல் தமது எழுபத்து மூன்றாவது வயதில் மறைந்தார். ஏறத்தாழ நாற்பத்தீராயிரம் ஊசிகள் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் தமது நோயை வெளியாருக்கு அவர் சொல்லவே இல்லை. தந்தையின் ஆவணங்களில் அதுபற்றி இருந்த குறிப்புகளையும் நீக்கிவிட்டார். வரலாற்றாசிரியர் மைக்கேல் பிளிஸ் அவரைத் தேடிக் கண்டது 1980 இல். டொரன்டோவிலிருந்து, அந்தப் பதினைந்து வயதில், தாய்க்குத் தாம் எழுதிய கடிதங்களை மட்டும் அவர் அழிக்காது வைத்திருந்தார். அவை இன்று டொரன்டோப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.