வயசு இல்லீங்க, ஹாக்கி!

நடுவர் அவர்களே! வயசானா ஒலிம்பிக் பார்க்கிற ஆர்வம் போயிடும்னு எதிரணி நண்பர் சொன்னார். என் ஆர்வத்தைக் குறைச்சது வயசு இல்லீங்க, ஹாக்கி!

1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் நமக்குத்தான். 1976-ல் மான்ட்ரியலில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. புல்லில் பழகிய நமக்கு ஏழாம் இடம். 1980, மாஸ்கோ. நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என வென்றோம். பல நாடுகள் வரலைதான். ஆனாலும் ரேடியோவைக் கட்டிக்கிட்டு அழுதேன். 2008-ல் ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறலை. அன்னியோட விட்டேன்.

2021-ல் டோக்கியோவில், ஜெர்மனியை 5-4 என ஜெயிச்சு வெண்கலம். 41 வருஷம் கழிச்சு ஒரு பதக்கம்! "தாத்தா, ஓடி வாங்க!"ன்னு பேரன் கத்தினான். போனேன். கண்ணு கலங்கிச்சு. "உங்களுக்கு யார் ஆட்டம் பிடிக்கும் தாத்தா?"ன்னு கேட்டான். ஆடின பதினோரு பேர்ல ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியலைங்க!