தன்விருப்ப நம்பிக்கையும் மனநலமும்

தன்விருப்ப நம்பிக்கை என்பது, மனிதர் தம் செயல்களைத் தாமே தேர்ந்து செய்கிறார்கள், வேறு விதமாகச் செய்யவும் அவர்களால் இயலும் என்னும் எண்ணம். நடப்பவை எல்லாம் முன்பே முடிவானவை என்னும் ஊழ்க்கோட்பாடு இதற்கு எதிர்நிலை. தன்விருப்பம் உண்மையில் உண்டா என்பது மெய்யியலின் வினா. அதை நம்புவது மனநிறைவைக் கூட்டுமா என்பது உளவியலின் வினா.

தமிழ் மரபில்

திருக்குறள் இரு பக்கத்தையும் பேசுகிறது. அறத்துப்பாலின் இறுதியில் உள்ள 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைக் கூறுகிறது. பொருட்பாலில் வரும் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையோ, தளராமல் முயல்பவர் ஊழையும் பின்னடையச் செய்வர் என்கிறது.

புதுக்கோட்டை வட்டாரம் இந்த விவாதத்தின் சமயத் தடங்கள் பலவற்றைக் கொண்டது. சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ளன. வினையின் பிடியை ஏற்ற சமணம், நோன்பாலும் தவத்தாலும் அதை உதிர்க்கலாம் என்றது. ஆசீவகமோ நியதியே அனைத்தையும் நடத்துகிறது, முயற்சி எதையும் மாற்றாது என்றது. சமண நூலான நீலகேசி இக்கருத்தை எதிர்த்து வாதிடுகிறது.

திருமயத்தில் சிவனுக்குரிய சத்தியகிரீசுவரர், திருமாலுக்குரிய சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரைக் கோயில்கள் ஒரே குன்றில் அருகருகே அமைந்துள்ளன. சைவ சித்தாந்தத்தின்படி, பிராரத்தம், அதாவது இப்பிறவியில் பயன்தரத் தொடங்கிய முன்வினையை, நுகர்ந்தே தீர வேண்டும். ஆகாமியம் இப்போது செய்யும் செயலால் சேர்வது. வைணவத்தில் வடகலையார், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிரும் தன் பங்கிற்கு முயல வேண்டும் என்பர். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி போல அருளே காக்கும் என்பது தென்கலையார் கொள்கை.

உளவியல் ஆய்வுகள்

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர், தம் வாழ்வின் போக்கு தம் கையில் இருப்பதாக எண்ணுவோரையும் வெளிச்சக்திகளின் கையில் இருப்பதாக எண்ணுவோரையும் பிரித்தறியும் அளவுகோலை 1966இல் வெளியிட்டார். 1976இல் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. ஒரு குழுவினர் தமக்குப் பிடித்த செடியைத் தேர்ந்து தாமே பராமரித்தனர்; அன்றாடச் சிறு முடிவுகளையும் அவர்களிடமே விட்டனர். மற்றக் குழுவினருக்கு எல்லாவற்றையும் ஊழியர்களே செய்தனர். முதற்குழுவினரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன.

பின்வந்த ஆய்வுகள் பலவற்றில், தன்விருப்பத்தை நம்புவோரிடம் வாழ்க்கைத் திருப்தி ஓரளவு மிகுந்து காணப்பட்டது. ஆனால் நம்பிக்கை மனநிறைவைத் தருகிறதா, மனநிறைவு உள்ளவர்களுக்கு அந்த நம்பிக்கை எளிதில் வருகிறதா என்பதை இவை நிறுவவில்லை. தன்விருப்பத்தை மறுக்கும் பகுதியைப் படித்தவர்கள் அதிகம் ஏமாற்றினர் என்று 2008இல் கேத்லீன் வோசும் ஜானதன் ஸ்கூலரும் அறிவித்தனர். அதே சோதனையைப் பிறர் மீண்டும் செய்தபோது அந்த முடிவு உறுதிப்படவில்லை.

பயனும் எல்லையும்

திருமயம் பகுதி மழையையும் கண்மாயையும் நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் ‘தலையெழுத்து’ என்று சொல்லிக்கொள்வது, இழப்புக்குத் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் வேதனையைக் குறைக்கிறது. அதே சொல், வரத்துவாரியைத் தூர் வாராமல் விடுவதற்குச் சாக்கானால் அடுத்த ஆண்டும் கெடும். கைமீறிய இழப்பில் ஊழ் ஆறுதலாகிறது. கையில் இருக்கும் வேலைக்கு முயற்சியில் நம்பிக்கை தேவை.

தன்விருப்ப நம்பிக்கைக்கும் ஓர் அபாயம் உண்டு. வறுமை, நோய், சாதி ஒடுக்குமுறை ஆகியவற்றால் துன்புறுவோரை நோக்கி ‘நீ முயலவில்லை’ என்று பழிக்க அது பயன்படலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு முயற்சியைப் பற்றிய அறிவுரை மட்டும் போதாது. மருத்துவ உதவியும் சுற்றத்தின் துணையும் வேண்டும். முயற்சியைப் போற்றும் சமூகம், முயல்வதற்கான வாய்ப்பையும் எல்லோருக்கும் தரக் கடமைப்பட்டது.