நெருப்பும் பாரமும் – 5: கச்சான் சொன்ன சாட்சி

சென்ற வாரம் லோஷ்மிட்டை வியன்னாவில் விட்டு வந்தோம். ஆண்டு 1876. ஒரு மூலக்கூறு எவ்வளவு சின்னது என்று 1865இலேயே கணக்கிட்டுக் காட்டிய மனிதர், இப்போது இயற்பியலாளர் மக்ஸ்வெல் மீதே வழக்குப் போட்டுவிட்டார். ‘காற்றுத் தூணின் அடியைச் சூடாக்கவும் நுனியைக் குளிரவைக்கவும் புவியீர்ப்பு ஒன்றே போதும்’ என்பது அவர் கட்சி.

அவர் சொல்வது சரியென்றால் வெப்பவியலின் இரண்டாம் விதி கவிழும். அது எப்படி என்று பார்க்குமுன், ஊவா மலைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

கொழும்பிலிருந்து வரும் ரயில் பட்டிப்பொலவில் சுமார் 1,890 மீற்றர் உயரத்தைத் தொடும். பிறகு ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதர என்று இறங்கி, 700 மீற்றருக்கும் கீழே உள்ள பதுளையில் போய் நிற்கும். மேலே கம்பளிச் சட்டை கேட்கும் உடம்பு, கீழே விசிறி கேட்கும். கிலோமீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை என்று வைத்தால், வித்தியாசம் ஏறத்தாழ 8 பாகை செல்சியஸ். 1876இல் இந்தப் பாதை இல்லை. ரயில் பதுளைக்கு வந்தது 1924இல். தேயிலையும் இன்னும் தலையெடுக்கவில்லை. மலையெல்லாம் கோப்பி, அதையும் 1869இல் வந்த இலைத்துரு நோய் தின்றுகொண்டிருந்தது. ஆனால் மேலே குளிர், கீழே சூடு என்பது அன்றும் அதேதான்.

லோஷ்மிட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? மூலக்கூறு மேலே ஏறினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குளிர். வழக்கு முடிந்தது!

முடியவில்லை. மக்ஸ்வெல் தரப்பின் குறுக்கு விசாரணை இங்கேதான் தொடங்குகிறது. மலையுச்சிக் கோயிலுக்கு ஊரே புறப்படுகிறது என்று வையுங்கள். தெம்பில்லாதவர்கள் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். நல்ல தெம்புள்ளவர்கள் மட்டுமே உச்சியைத் தொடுவார்கள், தொடும்போது களைத்திருப்பார்கள். களைத்துப்போன அந்தத் திடகாத்திரர்களின் சராசரித் தெம்பும் அடிவாரக் கூட்டத்தின் சராசரித் தெம்பும் சமம். மூலக்கூறுகளுக்கும் இதுவே கணக்கு. சமநிலை அடைந்துவிட்ட தூணில், மேலே போகப் போக எண்ணிக்கை குறையும், வெப்பநிலை குறையாது.

மக்ஸ்வெல் கையில் இன்னொரு துருப்பும் இருந்தது. லோஷ்மிட் சொல்வதுபோல் நடந்தால், இரண்டு வேறு வாயுக்களால் நிரப்பிய தூண்களில் நுனி குளிரும் அளவும் வேறுபடும். அடியில் இரண்டையும் இணைத்துவிட்டு, நுனிகளுக்கு நடுவே ஓர் இயந்திரத்தை வைத்தால் போதும். நிலக்கரி இல்லாமலே அது காலமெல்லாம் ஓடும். இரண்டாம் விதி தடுப்பது இதைத்தான். மக்ஸ்வெல்லுக்கு இது கேலிக்கூத்து. லோஷ்மிட்டுக்கோ இதுதான் ஆசை! பிரபஞ்சம் ஒருநாள் வெப்பம் எல்லாம் சமப்பட்டுச் செத்துப்போகும் என்ற தீர்ப்பை அவரால் ஏற்க முடியவில்லை. அவருடைய இளைய நண்பர் போல்ட்ஸ்மானோ இதில் மக்ஸ்வெல் பக்கம் நின்றார்.

அப்படியானால் பட்டிப்பொல ஏன் குளிர்கிறது? விடை லோஷ்மிட்டின் ஊரிலேயே பத்து வருடங்களுக்கு முன்பு வெளிவந்திருந்தது. 1866இல் ஜூலியஸ் ஹான் என்ற வானிலை ஆய்வாளர், அல்ப்ஸ் சரிவுகளில் இறங்கும் வெப்பக் காற்றுக்குக் காரணம் சொன்னார். அந்தக் காற்றின் தம்பியை நமக்குத் தெரியும். அதன் பெயர் கச்சான்.

தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிந்து குளிர்கிறது, நுவரெலியாப் பக்கம் மழையாகக் கொட்டுகிறது. மழையாகும்போது நீராவி தன் வெப்பத்தைக் காற்றிடமே விட்டுப்போவதால், ஏறும்போது கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிரும். முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அதே காற்று வெறும் காய்ந்த காற்று. அழுத்தம் கூடக் கூட, கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை வரை சூடேறுகிறது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறும். மலையில் கொழுந்து மட்டுப்படும். குறித்த கிலோ சேராவிட்டால் கொழுந்து எடுப்பவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

ஆக, மலைக் காற்று ஒருபோதும் சமநிலையில் இருந்ததில்லை. வெயில் தரையைச் சுடுகிறது, காற்று ஏறுகிறது, இறங்குகிறது. சமநிலையைப் பற்றிய வழக்கில், சமநிலையையே காணாத சாட்சி செல்லாது. தீர்ப்பு மக்ஸ்வெல் பக்கம்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் யாரும் கவனிக்காத ஒரு நிபந்தனை இருந்தது. தூணை இழுப்பது பூமி; காற்று தன்னைத்தானே இழுத்துக்கொள்வதில்லை. இழுக்கும் பொருளும் இழுபடும் பொருளும் ஒன்றாகிவிட்டால்?

1870இல் அமெரிக்கரான ஜொனதன் ஹோமர் லேன் சூரியனை ஒரு வாயு உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கிலிருந்து வந்த முடிவு விபரீதமானது. உருண்டை வெப்பத்தை இழந்தால் சுருங்கும்; சுருங்கினால் இன்னும் சூடாகும்! வெப்பத்தைக் கொடுத்தால் விரிந்து குளிரும். இப்படிப்பட்ட இரண்டு உருண்டைகளுக்கிடையே வெப்பம் பாயட்டும். சூடானது வெப்பத்தைக் கொடுத்து மேலும் சூடாகும், குளிர்ந்தது வாங்கி மேலும் குளிரும். சமநிலை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. வெப்பவியலை அப்படியே விண்மீன்கள்மேல் ஏவலாமா என்று இயற்பியலின் தத்துவவாதிகள் இன்றும் வாதாடுவது இதனால்தான்.

வெப்பத்தை இழந்தால் சூடாகும் என்றால், எரிபொருள் தீர்ந்த விண்மீன் என்ன செய்யும்? 1926இல் வானியலாளர் எடிங்டன் கையைப் பிசைந்தார்: குளிர்வதற்கே அதற்கு ஆற்றல் வேண்டுமே! அதே வருடம் இயற்பியலாளர் ஃபௌலர், குவாண்டம் விதியைக் கொண்டு ஒரு வழி சொன்னார். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

1930 ஜூலை 31. பம்பாயில் ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் படித்த 19 வயது இளைஞர், பெயர் சந்திரசேகர். ஃபௌலரிடம்தான் படிக்கப் போகிறார். கடலைப் பார்த்துக்கொண்டு ஃபௌலரின் கணக்கை மறுபடி போடுகிறார். ஐன்ஸ்டைனின் சார்பியலை அதில் சேர்க்கிறார். ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டியதும் கணக்கு விடை தர மறுக்கிறது.

பிழை அவருடையதா, விண்மீனுடையதா?

(தொடரும்)