திறக்காத கோப்புகள்: மலையகத்து வீட்டு வீடியோவின் நாற்பது ஆண்டுகள்

மலையகத் தோட்டங்களுக்கு வீடியோ வந்தபோது, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. ஜப்பானின் உதவியோடு எழுந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பு நிலையம் நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் அமைந்தது. நாட்டுக்கே படம் அனுப்பிய அந்த மலையைச் சுற்றியிருந்த லயங்களில் பெரும்பாலானவை அப்போது இருட்டில் கிடந்தன. லக்சபான மின்நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் நிரம்பின. மஸ்கெலியாப் பள்ளத்தாக்கின் தண்ணீரில் பிறந்த மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்குப் போக, அதே பள்ளத்தாக்கின் லயக் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. லயங்களுக்கு மின்சாரம் பரவலாக எட்டியது 1990களிலும் அதற்குப் பின்னும்தான்.

ஆகவே தொலைக்காட்சி முதலில் கார் பெட்டரியில் ஓடியது. 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதற்கு ஒரு பெட்டரி, அந்தப் பெட்டரியை டவுனுக்குச் சுமந்து சார்ஜ் ஏற்றிவர ஓர் ஆள். வீடியோ டெக்குக்கு இது போதாது. கலியாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஜெனரேட்டர் வரும் நாளில் டெக்கும் வாடகைக்கு வந்தது. தோட்டமே கூடி இரவு முழுக்கப் படம் பார்த்தது. 1975இல் சோனி கொண்டுவந்த பீட்டாமக்ஸை 1976இல் ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.எஸ். உலகெங்கும் வென்றதால், இங்கும் கசட் என்றால் வி.எச்.எஸ். கசட் என்றானது.

பார்ப்பதிலிருந்து பதிவு செய்வதற்குப் போக அதிக காலம் ஆகவில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களின் புகைப்பட ஸ்டூடியோக்காரர்கள் தோளில் வைத்து எடுக்கும் வீடியோ கமராவையும் கண்ணைக் கூசவைக்கும் லைட்டையும் கொண்டு தோட்டங்களுக்கு ஏறினார்கள். கலியாணம், பெரியபிள்ளையான சடங்கு, தேர், மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியவை முதன்முறையாக அசைந்தும் பேசியும் பதிவாயின. மலைக் குளிர் இந்தத் தொழிலுக்கு ஒரு தனி இடைஞ்சலைத் தந்தது. பனிக்குள்ளிருந்து சனம் நிறைந்த சூடான அறைக்குள் கமராவைக் கொண்டுவந்தால் அதன் உள்ளே சுழலும் உருளையில் நீர் படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக் கிழிந்துவிடும் என்பதால், கமரா பனி எச்சரிக்கையைக் காட்டிவிட்டுத் தானே நின்றுவிடும். ஈரம் காயும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. தாலி கட்டும் நேரம் அதற்காகக் காத்திருக்காது.

கசட்டுக்குக் கொப்பி கேட்டவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள் மட்டுமல்லர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. அண்ணன் ஹட்டனிலும் தங்கை நீலகிரியின் கூடலூரிலும் என்று குடும்பங்கள் பிரிந்தன. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ ஆனது. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றபோது நேரில் போய்வரும் எளிய வழியும் அடைபட்டது. கலியாண வீட்டுக்கு வரமுடியாத தங்கைக்கு அந்தக் கலியாணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருந்த ஒரே பொருள் கசட். மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மாருக்கும் அப்படித்தான்.

இயந்திரம் படத்தை மறுத்த முதல் அனுபவம் இந்த அஞ்சலில்தான் நேர்ந்தது. இலங்கையும் இந்தியாவும் பால் என்ற வண்ண முறையில் இருந்தன: 625 வரி, நொடிக்கு 25 சட்டகம். நீலகிரியில் பதிவான கசட் பொகவந்தலாவையில் பிசகின்றி ஓடியது. கனடாவிலிருந்து வந்தது ஓடவில்லை. அங்கே என்.டி.எஸ்.சி.; 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகம். பால் மட்டும் அறிந்த டெக்கில் அதைப் போட்டால் படம் உருளும், வண்ணம் போகும். பிரான்ஸும் சவூதி அரேபியாவும் செகாம் முறையைக் கையாண்டன. அப்படிப் பதிவான கசட் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கசட் பழுது என்று நினைத்து ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். உண்மையில் கசட்டில் எந்தக் குறையும் இல்லை. அதைப் படிக்கும் டெக்குக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை. பல முறைகளையும் படிக்கும் டெக் வைத்திருந்த கடை அந்த மொழியைப் பெயர்த்துக் கொடுத்தது. பிற்காலத்தில் கணினித் திரையில் தோன்றிய ‘ஆதரிக்கப்படாத கோப்பு’ இதே நிகழ்வின் மறுபிறப்பு.

அடுத்து வந்த வீடியோ சீடி மலையகத்தில் நெடுங்காலம் கோலோச்சியது. தட்டும் மலிவு, அதை ஓட்டும் கருவியும் மலிவு. 1993இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் பால் படம் 352 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு கலியாணம் மூன்று தட்டில் அடங்கியது. கணினியில் அந்தத் தட்டைத் திறந்தால் படம் டீ.ஏ.டி. என்று முடியும் கோப்பாகத் தெரியும். அதைத் தொகுப்பு மென்பொருளுக்குள் இழுத்தால் மறுப்பு வரும். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலான மென்பொருள்களுக்குத் தெரிந்த எம்பெக்-1 படமே. சீடி அதைத் தனக்கேயுரிய மெல்லிய உறை ஒன்றில் சுற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கோப்பின் கடைசி மூன்று எழுத்தை எம்.பி.ஜி. என்று மாற்றினாலே பலமுறை திறந்துவிடும் என்பதை ஸ்டூடியோப் பையன்கள் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டார்கள். சீடியின் இன்னொரு பலவீனத்துக்கு இவ்வளவு எளிய மருந்து இல்லை. 74 நிமிடத்தை அடக்குவதற்காக அதில் பிழைதிருத்தத் தரவு குறைக்கப்பட்டது. அதனால் ஒரு கீறல் விழுந்தாலே கணினி அந்தக் கோப்பைப் படியெடுக்க மறுக்கும். அதே தட்டைக் கீறலைத் தாண்டியேனும் ஓட்டக்கூடிய சீடி பிளேயர்கள் உண்டு.

வீட்டிலேயே தொகுக்கும் ஆசை விண்டோஸ் மூவி மேக்கரோடு வந்தது. 2000இல் விண்டோஸ் எம்.ஈ.யுடன் பிறந்து, பிறகு எக்ஸ்.பி. வழியாகப் பரவிய அந்த இலவச மென்பொருளில், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் படத்தை வெட்டி ஒட்டினார்கள். கோப்பு திறக்காதபோது மறுப்புச் செய்தி ஆங்கிலத்தில் வந்தது. கோடெக் இல்லை என்றது. கோடெக் என்றால் என்ன என்று தமிழில் சொல்லும் கையேடு ஒன்று அன்று எல்லோர் கைக்கும் எட்டவில்லை. தேயிலைத் தோட்டத்தாருக்கு அதைத் தேயிலையைக் கொண்டே விளக்கலாம். பெட்டி வேறு, உள்ளே இருக்கும் தூள் வேறு. ஒரே மாதிரிப் பெட்டியில் பி.ஓ.பி. ரகமும் போகும், டஸ்ட் ரகமும் போகும். ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.ஓ.வி. என்பவை பெட்டிகள். உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பது தனிக் கேள்வி. அந்தச் சுருக்கத்தை விரிக்கத் தெரிந்ததே கோடெக். ஒரு ஏ.வி.ஐ. திறந்து இன்னொரு ஏ.வி.ஐ. திறக்காமல் போவதும், படம் வந்து குரல் வராமல் போவதும் இதனால்தான்.

டீ.வி.டி.யிலிருந்து எடுத்த வி.ஓ.பி. கோப்பில் எம்பெக்-2 படம் இருந்தது. அதைப் படிக்கும் கோடெக் எக்ஸ்.பி.யோடு வரவில்லை. மினி டீ.வி. என்ற எண்ணிமக் கமரா நாடாவைக் கணினியில் ஏற்றினால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 13 ஜீ.பி. பிடித்தது. பழைய ஃபாட்32 முறையில் வகுத்த வன்தட்டு ஒரு கோப்பை 4 ஜீ.பி.க்கு மேல் ஏற்காது. எனவே 20 நிமிடம் ஆகுமுன்பே பதிவு அறுந்தது. நாடா பழுது என்று பழி நாடாவின் மேல் விழுந்தது. எல்லாவற்றிலும் கொடிய இழப்பு வேறொன்று. மூவி மேக்கரின் திட்டக் கோப்பில் படம் இருக்காது. எந்தப் படத்துண்டு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இடம் பிடிக்கிறது என்று மூலத் துண்டுகளை அழித்தவர்கள் அடுத்தமுறை திறந்தபோது சிவப்புப் பெருக்கல் குறியைத்தான் கண்டார்கள்.

கோடெக் பொதி என்ற மருந்தை அந்நாளில் கடைக்குக் கடை கொடுத்தார்கள். அது சிலருக்கு உதவியது. அதைவிடக் கூடுதலாகக் கெடுத்தது. ஒன்றோடொன்று மோதும் கோடெக்குகள் நிறைந்த கணினியில் நேற்றுவரை திறந்த கோப்பும் திறக்காமல் போனது. சரியான வழி அன்றும் இன்றும் ஒன்றே. முதலில் மீடியா இன்ஃபோ போன்ற கருவியால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஹேண்ட்பிரேக்காலோ, 2000இல் பிரான்ஸின் ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக்காலோ தொகுப்பு மென்பொருள் அறிந்த முறைக்கு மாற்ற வேண்டும். உள்ளே இருப்பது ஏற்கக்கூடியதாக இருந்தால் தூளைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம். அப்போது தரம் ஒரு துளியும் குறையாது.

மாற்றும்போதும் கவனம் தேவை. நாடாக் காலத்துப் படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக இரண்டு தவணையில் பதிவானது. அதைக் கவனியாமல் மாற்றினால் அசையும் உருவின் ஓரம் சீப்புப்பல்லாகத் தெரியும். கலியாண மேடையில் அசையாமல் நிற்கும் மணமக்களில் அது தெரியாது. தப்பு அடிப்பவரின் விரைந்த கையில், காமன் கூத்தில் குதித்தாடும் காலில்தான் தெரியும். பாதுகாக்க வேண்டிய அசைவையே அது கெடுக்கிறது.

கைத்தொலைபேசி வந்தபின் வீடியோக்காரர் என்ற தனி ஆள் எல்லா நிகழ்வுக்கும் தேவைப்படவில்லை. வீடியோ எடுக்கக்கூடிய முதல் தொலைபேசிகள் 3ஜீ.பி. என்ற வகைக் கோப்புகளைத் தந்தன. அவற்றின் படம் பெரும்பாலும் 176க்கு 144 புள்ளி. குரல் தொலைபேசி உரையாடலுக்கென்று வகுத்த ஏ.எம்.ஆர். முறையில் இருந்தது. மாற்றாமல் மூவி மேக்கருக்குள் அது நுழையவில்லை. பிறகு எச்.264 என்ற சுருக்க முறை பரவி, எல்லாம் திறக்கும் காலம் ஒன்று சில ஆண்டுகள் நிலவியது. 2017இல் ஐபோன் எச்.ஈ.வி.சி. என்ற புதிய சுருக்க முறைக்கு மாறியதும் மறுப்பு திரும்ப வந்தது. விண்டோஸ் 10இல் அதைத் திறக்கத் தனி இணைப்பை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதே 2017 ஜனவரியில் மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் கைவிட்டது.

தொலைபேசிப் படத்துக்கே உரிய கோளாறுகள் இரண்டு உண்டு. வெளிச்சம் குறைந்தால் தொலைபேசி நொடிக்கு எடுக்கும் சட்டகங்களைக் குறைத்துக்கொள்ளும். சீரான வேகத்தை எதிர்பார்க்கும் தொகுப்பு மென்பொருளில் உதடும் குரலும் போகப் போக விலகும். கோப்பை முதலில் மாறாத சட்டக வேகத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். மற்றது, பதிவின் நடுவில் பெட்டரி இறங்குவது. எம்.பி.4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். அது இல்லாத கோப்பைப் பெரும்பாலும் எந்த மென்பொருளும் திறக்காது. ஆனால் படம் உள்ளே இருக்கும். அதே தொலைபேசியில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அட்டவணையை மீண்டும் கட்டும் கருவிகள் பலமுறை அதை மீட்டுத் தரும்.

இந்தக் கோப்புகளின் பெறுமதி குடும்ப நினைவோடு முடிவதில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003இன் சட்டம்வரை அதன் மிச்சத்தைச் சுமந்த மக்கள் இவர்கள். அவர்களைப் பற்றிய எழுத்து ஆவணங்களில் பெரும்பகுதி துரைமாரும் அரசாங்கங்களும் எழுதியவை. தாங்களே காசு கொடுத்து, தங்களுக்காக, தங்கள் முற்றத்தில் எடுத்த படம் என்று இருப்பது இந்தக் கசட்டுகளும் சீடிகளும்தான். இடிக்கப்பட்டுவிட்ட லயம், செத்துப்போன கூத்து வாத்தியாரின் குரல், இன்று யாரும் பாடாத ஒப்பாரி எல்லாம் யாரோ ஒருவருடைய கலியாண, கருமாதிப் படத்தின் ஓரத்தில் பதிவாகியிருக்கக்கூடும். கம்பளையை அடுத்த பீகொக் தோட்டத்தில் 2007இல் திறந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் பொருள்களையும் ஏடுகளையும் திரட்டுகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மலையக ஆவணங்களையும் எண்ணிமப்படுத்துகிறது. வீடுகளில் கிடக்கும் அசையும் படம் அவற்றை இன்னும் போதிய அளவில் எட்டவில்லை.

அழிவு காத்திருக்கவும் இல்லை. மலையின் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது. அதைத் துடைக்காமல் டெக்கில் ஓட்டினால் டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கசட்டுக்கும் தொற்றும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. வி.எச்.எஸ். டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் இன்று எஞ்சியிருப்பவை வீடுகளிலும் பழைய கடைகளிலும் கிடக்கும் டெக்குகள் மட்டுமே. அட்டைப்பெட்டியில் கசட்டோ சீடியோ வைத்திருக்கும் வீட்டார், திறக்கவில்லை என்பதற்காக அதை எறிய வேண்டாம். அந்த டெக்குகள் ஓடும்போதே படத்தை எடுத்துவிட வேண்டும், மாற்றிய பின்னும் மூலக் கோப்பை அழிக்காமல் வைக்க வேண்டும்.