ரொட்டிக் கணக்குக்காகக் கட்டிய கணினிக்கூடம்

தரவு மையங்களின் வரலாறு பெரும்பாலும் ராணுவத்திலும் பல்கலைக்கழகத்திலும்தான் தொடங்குகிறது: பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்க அமெரிக்காவில் எனியாக் கணினி, ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி. கணக்குப் போடும் இயந்திரத்தைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் ஒரு நிறுவனத்தின் அன்றாட விவரங்கள் ஓயாமல் உள்ளே வந்து, குறித்த நேரத்துக்குள் பட்டியலாகவும் பில்லாகவும் வெளியே போகும் கூடத்தைத் தேடினால், லண்டன் ஹாமர்ஸ்மித்தில் இருந்த கேட்பி ஹால் என்ற உணவுத் தொழிற்சாலைக்குத்தான் போகவேண்டும். கணினிக்கூடத்துக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தது வியாபாரத்தின் அவசரம்.

அந்தத் தொழிற்சாலைக்கு உரிய ஜே. லயன்ஸ் நிறுவனம் 200க்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகளை நடத்திவந்தது. ரொட்டியும் கேக்கும் நாள்கணக்கில் தாங்காத சரக்கு. ஒவ்வொன்றிலும் கிடைத்த லாபமோ சில்லறைக் காசு. எந்தப் பண்டம் கையைக் கடிக்கிறது என்பது தாமதமாகத் தெரிந்து பயனில்லை. அலுவலக முறைகளைப் பார்த்துவர 1947இல் அமெரிக்கா போன லயன்ஸ் அதிகாரிகள் தாம்சனுக்கும் ஸ்டாண்டிங்ஃபோர்டுக்கும், பிரின்ஸ்டனில் கணினி அறிஞர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் கைகாட்டியது அவர்கள் நாட்டிலேயே இருந்த கேம்பிரிட்ஜை. அங்கே எட்சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த மாரிஸ் வில்க்ஸின் பணிக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு தந்தது. 1949 மே மாதம் எட்சாக் ஓடியதும், அதை ஒட்டி ‘லியோ’ என்ற சொந்தக் கணினியைக் கட்டத் தொடங்கியது. 1951 நவம்பரில் பேக்கரிப் பண்டங்களின் மதிப்பீட்டுக் கணக்கு அதில் ஓடியது.

அப்படியானால் அது கேம்பிரிட்ஜின் கொடைதானே என்று கேட்கலாம். மூளை கேம்பிரிட்ஜுடையது, மறுப்பதற்கில்லை. லயன்ஸ் எதை மாற்றியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் சில எண்களைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் கணக்கிடச் சொல்வார். அலுவலகத்தில் தலைகீழ்: ஆயிரக்கணக்கான ஊழியர்களின் விவரம் உள்ளே வரும், ஆளுக்கொரு சின்னக் கணக்கு, ஆயிரக்கணக்கான சம்பளச் சீட்டுகள் வெளியே போகும். ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிட எழுத்தருக்கு 8 நிமிடம் ஆனது, லியோவுக்கு ஒன்றரை நொடி. ஆனால் துளையட்டை படிக்கப்படும்வரை இயந்திரம் காத்துக் கிடந்தால் அந்த வேகம் வீண். அதனால் பொறியாளர் ஜான் பிங்கர்டன் குழு விவரம் வரவும் போகவும் தனித்தனி வழிகள் அமைத்தது. ஒருவரின் கணக்கு ஓடும்போதே அடுத்தவரின் விவரம் வந்துகொண்டிருக்கும், முந்தையவருக்கானது வெளியேறிக்கொண்டிருக்கும். காந்த நாடாவை முயன்று பார்த்தார்கள், சரிவரவில்லை. துளையட்டைக்கும் காகித நாடாவுக்கும் திரும்பினார்கள். ஏறக்குறைய 6,000 வால்வுகளில் எது எப்போது சாகும் என்று சொல்லமுடியாது என்பதால், மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் நலிந்தவற்றை முன்கூட்டியே பிடித்து மாற்றினார்கள். ஆராய்ச்சி ஒருநாள் தள்ளிப்போகலாம், சம்பள நாள் தள்ளிப்போகாது.

எனக்கு இதில் மிகப் பெரிய சாதனையாகத் தெரிவது 1954இல் வந்த கடை ஆர்டர் முறை. ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக வழக்கமான ஆர்டர் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். கடை மேலாளரான பெண்மணி தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். மறுமுனையில் இருப்பவர் கேட்கக் கேட்க அட்டையில் துளையிடுவார். எந்தக் கடைக்கு எது எவ்வளவு போகவேண்டும் என்ற பட்டியல் லியோவில் தயாராகும். மாறியதை மட்டும் அனுப்பும் இந்தச் சிக்கனத்தை எந்த ஆய்வகமும் கேட்கவில்லை. ரொட்டி அனுப்பவேண்டிய நேரம்தான் கேட்டது.

லியோவைக் கட்டி விற்ற நிறுவனம் நிலைக்கவில்லையே, 1963இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக்குடன் இணைந்துவிட்டதே என்பது இரண்டாவது ஆட்சேபம். நிறுவனம் கரைந்தது உண்மைதான். ஆனால் ஃபோர்டின் டேகன்ஹாம் ஆலைச் சம்பளத்தை லயன்ஸின் கணினியே போட்டுக்கொடுத்தபோது, பிறர் கணக்கைத் தன் கூடத்தில் ஓட்டித்தரும் தொழில் அங்கே நடக்கத் தொடங்கிவிட்டது. முதல் லியோவின் வாரிசான லியோ 3 ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்த்தது. அதை வாங்கிய பிரிட்டிஷ் தபால்துறை, நிரல்களை மாற்றி எழுதுவது பெரும்பாடு என்பதால், 1981 வரை தொலைபேசி பில்களை அதிலேயே அச்சிட்டது.