பழைய காரின் உட்புறம்

காருக்குள் மெத்தை தைக்கத் தெரிந்த கைகள் கார் வருவதற்கு முன்பே சென்னையில் இருந்தன. 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டுவதில் பெயர் பெற்றது. மரச்சட்டம் இழைக்க ஒருவர், இரும்பு வேலைக்கு ஒருவர், இருக்கை தைக்க ஒருவர் என்று பிரிந்திருந்த தொழில் அது. இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் என்று சொல்லப்படும் வண்டியை 1903-இல் அந்த நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் உருவாக்கினார். இயந்திரம்தான் புதியது. இருக்கை வேலையைக் குதிரை வண்டித் தொழிலிடமிருந்தே கார் எடுத்துக்கொண்டது.

சுருள்கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்குக் கயிற்றால் கட்டி, அதன்மேல் சாக்கை விரித்து, குதிரை மயிரைத் திணித்து, மேலே தோலை இழுத்துத் தைப்பதுதான் அந்த வேலை. நாள் பிடிக்கும், செலவும் அதிகம். ஆனால் பிரித்து மறுபடி தைக்கலாம். பழுது பார்ப்பதற்கு இடம் வைத்தே செய்யப்பட்ட பொருள் அது.

கார் மலிவாக வேண்டும் என்றபோது முதலில் விடைபெற்றது தோல். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் நகரத்தில் தயாரான ரெக்சின், 1920-களிலிருந்து பிரிட்டிஷ் கார்களுக்குள் நுழைந்தது. நைட்ரோசெல்லுலோஸ், கற்பூர எண்ணெய், ஆல்கஹால், நிறப்பொடி கலந்த பூச்சைத் துணிமேல் தடவி, தோலில் தெரியும் வரிகளை அதில் அச்சாக அழுத்திவிடுவார்கள். விலை தோலில் ஏறத்தாழ கால் பங்கு. பின்னால் பிவிசி பூசிய துணி வந்து அந்த இடத்தைப் பிடித்தது. அதையும் நம் ஊர்க் கடைகளில் ரெக்சின் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். குதிரை மயிருக்குப் பதிலாக ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார் வந்தது, அதன் பின் ஃபோம் வந்தது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, 1950-களின் இறுதி முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடரை இந்த வரலாற்றின் இந்திய அத்தியாயம் எனலாம். நீளமான ஒரே முன் இருக்கை, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். 1990-களில் இசுசு இன்ஜின் பொருத்திய வண்டியில் தனித்தனி இருக்கையும் தரையில் கியரும் வந்தபோது உள்ளே அந்தப் பழைய அமைப்பே மாறிப்போனது. வெளியே மட்டும் அதே உருண்டை முகம்.

நம் வெயிலில் இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுகின்றன. வெயிலில் மூடி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் சூடு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் மங்கலான பிசுக்கில் ஒரு பங்கு அதுதான். எண்ணெய் போன பிறகு ரெக்சின் விறைத்து, தையல் ஓரத்தில் வெடிக்கிறது. ஃபோம் பொடியாக உதிர்கிறது. கதவின் உட்பலகை அழுத்திய மரநார் அட்டை. கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் மழைநீரைக் குடித்து உப்பிவிடும். பழைய ஸ்டீயரிங் வளையத்துக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது. மேலே வார்த்த பிளாஸ்டிக் ஆண்டுகள் போகப்போகச் சுருங்கும், உள்ளே இருக்கும் எஃகு சுருங்காது. ஆரக்கால் சேரும் இடத்தில் விழும் கீறலுக்குக் காரணம் இந்த இழுபறி.

சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் குஷன் வேலைக் கடைகள் தழைத்தது இதனால்தான். அவை இல்லாமல் அத்தனை அம்பாசடர்களும் ஃபியட்களும் அத்தனை ஆண்டு ஓடியிருக்க முடியாது. ஆனால் அந்தக் கடைகளின் வழக்கம் பிய்த்து எறிந்து புதிதாகப் போடுவது. ஓடுகிற வண்டிக்கு அது சரி, பழைமைக்காகவே காப்பாற்றும் வண்டிக்கு அது இழப்பு. 1960-களின் பல கார்களில் ரெக்சின் மடிப்புகள் தைக்கப்படவில்லை, மின்சூட்டில் அழுத்தி ஒட்டப்பட்டவை. அதே இடத்தில் இன்று தையல் ஓடினால், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே தட்டுப்படும்.

மாற்றுவதெல்லாம் கேடு என்று சொல்லிவிடவும் முடியாது. மும்பையின் பத்மினி கார் டாக்சி ஓட்டுநர்கள் கூரையிலும் இருக்கையிலும் பூப்போட்ட விரிப்புகளை ஒட்டி, தங்களுக்கென்று ஓர் அலங்கார மரபையே வளர்த்தார்கள். 20 ஆண்டு வயது வரம்பால் 2023 அக்டோபர் இறுதியில் அந்த டாக்சிகள் சாலையிலிருந்து விலகின. அவற்றில் ஒன்றைக் காப்பாற்றுகிறவர் அந்தப் பூ விரிப்பைக் கிழித்துவிட்டு அசல் தொழிற்சாலைத் துணியைத் தேடினால் அதுதான் தவறு.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, டூரின் சாசனத்தில் காப்பதற்கே முதலிடம் தருகிறது. புதுப்பிப்பது அதற்கு அடுத்தபடிதான். கையால் அப்படிக் காப்பது கடினமும் அல்ல. கிழிந்த தோலுக்குப் பின்பக்கம் துணி வைத்து ஒட்டலாம். பிரிந்த தையலைப் பழைய ஊசித் துளைகளிலேயே கையால் தைக்க வேண்டும், புதுத் துளை போட்டால் தோல் அந்த வரிசையிலேயே கிழியும். ஸ்டீயரிங் கீறலை V வடிவில் அகலப்படுத்தி, எபாக்ஸி நிரப்பி, உப்புத்தாள் தேய்த்து, நிறம் பூசலாம். உப்பிய கதவுப் பலகையைக் காப்பாற்ற முடியாது. ஆனாலும் புதுப் பலகை வெட்ட அதைவிட நல்ல அச்சு கிடைக்காது.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத வாகனத்தை 20,000 ரூபாய் கட்டணத்தில் விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது விதி. இருக்கையைப் பற்றி அதில் பேச்சில்லை, அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. வீட்டில் அப்படி ஒரு கார் இருந்தால், குஷன் கடைக்கு விடுமுன் உள்ளே எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரெக்சினில் வெயில் படாத ஒரு துண்டை, இருக்கைக்கு அடியிலிருந்து வெட்டி, பத்திரப்படுத்துங்கள். அசல் நிறத்தை நாளைக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.