கூரை வீடு, காரை வீடு, கான்கிரீட் வீடு: எங்கள் ஊர் வெக்கையின் வரலாறு

சித்திரை மாதத்து இரவில் எங்கள் நரிக்குடி, திருச்சுழி பக்கம் எந்தக் கிராமத்துக்கு வந்தாலும் ஒன்றைப் பார்க்கலாம். வீடு புதிதாக இருக்கும். உள்ளே மின்விசிறி இருக்கும். ஆனால் ஆட்கள் வாசலில் கட்டிலைப் போட்டோ, மொட்டை மாடியில் பாயை விரித்தோ படுத்திருப்பார்கள். மழைக்கும் பாம்புக்கும் பயந்து கட்டிய வீட்டிலிருந்து, வெக்கைக்குப் பயந்து வெளியே வந்துவிடுகிறோம்!

இது எப்போது ஆரம்பித்தது, ஏன் ஆரம்பித்தது என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. காமர்ஸ் படிக்கிற பையனுக்கு வீடு கட்டுவதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கடைசியில் எல்லாம் கணக்கில்தான் வந்து நிற்கிறது, பாருங்கள்.

முதலில் வெயில். எங்கள் பகுதி ஏறக்குறைய 9.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சிவேளையில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். ஏப்ரல் நடு என்றால் சித்திரை பிறக்கும் சமயம். வெயில் தலைக்கு மேலிருந்து வரும்போது அதை வாங்கிக்கொள்வது சுவர் அல்ல, கூரை. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயில் சுமார் 1000 வாட். 300 சதுர அடி கூரை என்பது 28 சதுர மீட்டர். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 28-ஐ ஒரே நேரத்தில் கூரைமேல் வைத்தது மாதிரி! அதில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். மீதியை என்ன செய்வது என்பதில்தான் வீடுகளின் வரலாறே இருக்கிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது, உள்ளே வருவதைத் தாமதப்படுத்துவது, வந்ததை வெளியே அனுப்புவது. நம் முன்னோர்கள் இப்படிப் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றையும் செய்திருக்கிறார்கள்.

பழைய கூரை வீட்டைப் பாருங்கள். மண்சுவர், பனங்கை, மேலே பனை ஓலை. எங்கள் பக்கம் கரிசல் அதிகம். அது ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். சுவருக்கு ஆகாது. அதனால் செம்மண் கலந்துதான் சுவர் வைப்பார்கள். அடுக்கடுக்காக வேயப்பட்ட ஓலைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் அந்த வீட்டின் ரகசியம். அசையாத காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. கூரையின் விளிம்பு குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருப்பதால் சுவரிலும் வெயில் படாது.

அடுத்தது நாட்டு ஓடு. ஓடு நம்மூருக்குப் புதிதல்ல. எங்களுக்கு வடக்கே வைகைக் கரையில் இருக்கும் கீழடி அகழாய்வில், பனிரெண்டு பதினைந்து தலைமுறைக்கு முந்தைய ஓடு அல்ல, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்குவார்கள். ஓலை மாதிரியே இங்கும் இடையில் காற்று நிற்கும். இடுக்கு வழியாகச் சூடான காற்று வெளியேறவும் செய்யும்.

மூன்றாவது, வசதி படைத்தவர்களின் காரை வீடு. சுண்ணாம்புச் சாந்துதான் காரை. இதில் 'மெட்ராஸ் டெரஸ்' என்கிற தட்டையான கூரை ஒன்று உண்டு. நெருக்கமாக மர உத்திரங்களைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டமாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. சாந்து இறுகக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. இவ்வளவையும் தாண்டி வெப்பம் கீழே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தாமதப்படுத்துவது என்று சொன்னேனே, அது இதுதான்.

மூன்று வழிகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் எங்களுக்கு வடகிழக்கே செட்டிநாட்டுக்குப் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை நகரத்தார் கட்டிய வீடுகள் அவை. பர்மா தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோம். ஆனால் பணம் கொடுத்தால் கிடைக்காத சரக்கு அங்கே வேறு இருக்கிறது. தடித்த சுவர், அதன் மேல் பல பூச்சாகச் சுண்ணாம்பு, நடுவில் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தெருப்பக்கம் திண்ணை. இரவில் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் முற்றத்தில் இறங்கித் தங்கும். பகலில் சூடாகும் காற்று அதே முற்றம் வழியாக மேலே போய்விடும். திண்ணையும் தாழ்வாரமும் வெயில் நேராக அறைக்குள் வராமல் நடுவில் நின்று தடுக்கும். இந்தக் கிராமத் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

அதற்காக "அந்தக் காலமே பொற்காலம்" என்று பாடப் போவதில்லை. செட்டிநாட்டு வீடு எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஊரில் பெரும்பாலானவர்கள் இருந்தது ஓலைக்குக் கீழேதான். ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும். மழை பெய்தால் ஒழுகும். ஒரு தீப்பொறி பட்டால் தெருவே போய்விடும். யாருடைய வீடு காரை, யாருடைய வீடு கூரை என்பதில் பணம் மட்டுமல்ல, சாதியும் இருந்தது. அதனால்தான் "எனக்கும் ஒரு காரை வீடு" என்பது வெறும் ஆடம்பர ஆசை இல்லை. அது மானப் பிரச்சினை.

இதற்கிடையில் சீமை ஓடு வந்தது. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது. ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் ஓடு, குறைந்த எண்ணிக்கை, குறைந்த மரம். தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஆனால் இது ஒரே அடுக்கு. ஒழுகல் குறைந்தது, நாட்டு ஓட்டின் குளிர்ச்சியும் கொஞ்சம் குறைந்தது.

பிறகுதான் கான்கிரீட். மரம் விலையேறியது. பனைமரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்தார்கள். சிமெண்டும் கம்பியும் எல்லா ஊரிலும் கிடைத்தன. 1985-இல் மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. அதே வருடம்தான் ராமநாதபுரத்திலிருந்து எங்கள் மாவட்டமும் பிரிந்தது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், சுமார் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவது என்ற இலக்கோடு தொடங்கியது. 2011-இல் முதலமைச்சரின் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, 3.50 லட்சம். எந்த ஆட்சி வந்தாலும் கூரை மட்டும் கான்கிரீட்தான்.

இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தீப்பிடிக்காத, ஒழுகாத கூரையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தவை அவை. நான் கவனித்தது ஒரு விஷயம்தான். பசுமை வீட்டின் 1.80 லட்சத்தில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. வீட்டில் எரியும் விளக்குக்குத் தனியாகத் தொகை ஒதுக்கத் தோன்றியது. அதே சூரியன் கூரையைச் சுடுவதற்கு எந்த வரியிலும் தொகை இல்லை.

நாலு, ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். மாலையில் அதைக் கீழே விட ஆரம்பிக்கும். நாம் படுக்கப் போகும் நேரமும் அதுதான். மின்விசிறி என்ன செய்யும்? அந்தச் சூட்டைக் கீழே இறக்கி நம் மேல் வீசும், அவ்வளவுதான் :-)

அப்படியானால் கான்கிரீட்தான் வில்லனா? இல்லை. அதற்குச் சாட்சி புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதி. செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937-இல் பணி தொடங்கிய கட்டடம். முழுக்க முழுக்கக் கான்கிரீட். ஏசி இல்லாமலே இருக்கும்படி கட்டியது. தட்டையான தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை, நடுவில் காற்று. வடக்கிலும் தெற்கிலும் திறந்து மூடும் கிடைப்பலகைகள், ஒரு பக்கம் வரும் காற்று மறுபக்கம் போக. யோசித்துப் பாருங்கள், ஓலைக்கும் நாட்டு ஓட்டுக்கும் இடையில் நின்ற அதே காற்றுதான் கான்கிரீட்டுக்கு மேலும் நிற்கிறது!

கேரளத்தில் லாரி பேக்கர் (2007-இல் காலமானார்) இதையே ஏழைகளின் வீட்டுக்கும் கொண்டுபோனார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கட்டினார். கான்கிரீட்டும் மிச்சம், சூடும் குறைவு. செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விடும் சுவரில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமானது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். வீடு கட்டும்போது போடும் எஸ்டிமேட்டில் கட்டும் செலவு மட்டும்தான் இருக்கிறது. அந்த வீட்டில் வாழும் செலவு அதில் இல்லை. ஒரு சாதாரண மின்விசிறி 75 வாட். தினமும் 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். 2016-இல் அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஒரே ஒரு மின்விசிறி கிட்டத்தட்ட முழுங்கிவிடும். ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். கூரையில் மிச்சம் பிடித்த பணத்தை வட்டியோடு மின்கட்டணமாகக் கட்டுகிறோம். கட்டணம் கட்ட முடியாதவர்கள் தூக்கத்தால் கட்டுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, பகல் முழுக்க உள்ளேயே இருக்கும் வயதானவர்கள், அடுப்படியில் நிற்கும் அம்மா. இவர்கள் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

எங்களுக்குத் தெற்கே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. எங்கள் வெயிலின் மதிப்பை அவர்கள் சரியாகக் கணக்கிட்டுவிட்டார்கள். நாம்தான் இன்னும் கணக்கிடவில்லை.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மொட்டை மாடிக்கு வருடம் ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், வெயிலில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போகும். சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கலாம். மேலே ஓலைப் பந்தல் போடலாம், அதுவும் ஓர் இரண்டாவது கூரைதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் கிழக்கு, மேற்குச் சுவர்களில் ஜன்னலைக் குறைத்து, வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக வைக்கலாம். 2018-இல் மத்திய அரசு 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பே வெளியிட்டது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளத்தில் இந்த எண் 3-ஐத் தாண்டும். அரசின் இலவச வீட்டு எஸ்டிமேட்டில் இதற்காக ஒரே ஒரு வரி சேர்ந்தால் போதும் என்பது என் கருத்து.

உங்கள் ஊரில் காரை வீடோ நாட்டு ஓட்டு வீடோ மிச்சம் இருந்தால், இடிப்பதற்கு முன்னால் ஒரு சித்திரை மதியம் உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள். அதைக் கட்டிய கொத்தனாரோ ஆசாரியோ உயிரோடு இருந்தால் நாலு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் எஸ்டிமேட் எழுதியதில்லை. ஆனால் அவர்கள் கணக்கில் வெயில் இருந்தது.